பதின்வயதுப் பிள்ளைகளோடு வெளிநாட்டில் எங்கே சாப்பிடுவது?

காட்பாடியிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: "மே மாத விடுமுறையில் சிங்கப்பூர், மலேசியா போகிறோம். நான், வீட்டுக்காரர், 16 வயதுப் பெண், 13 வயதுப் பையன், கூடவே என் மாமியார். அத்தை முட்டை கூடத் தொட மாட்டார். பையனுக்கு மூன்று வேளையும் சிக்கன் வேண்டும். பெண்ணுக்கோ போனில் பார்த்த கொரியா, ஜப்பான் சாப்பாட்டின் மேல்தான் ஆசை. எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும்படியான நல்ல குடும்ப ஹோட்டலை அங்கே எப்படிக் கண்டுபிடிப்பது? அடுத்த வருடம் ஐரோப்பா போகவும் யோசனை இருக்கிறது."

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கத்துக் குடும்பங்களுக்கு வெளிநாட்டுப் பயணம் ஏற்பாடு செய்து கொடுப்பது என் தொழில். விசா, டிக்கெட், அறை எல்லாம் ஒருமுறை பேசினால் முடிந்துவிடும். சாப்பாட்டு விஷயம் அப்படி முடியாது. ஊருக்குத் திரும்பி வந்தவர்களிடம் "எப்படி இருந்தது?" என்று கேட்டால், பார்த்த இடத்தைப் பற்றி இரண்டு வரி சொல்வார்கள். சாப்பாட்டுக்காக நடுத்தெருவில் நின்று சண்டை போட்டதை அரை மணி நேரம் சொல்வார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நம் ஊரில் வாசலில் 'ஏ.சி. பேமிலி ரூம் உண்டு' என்று போர்டு இருந்தால் குடும்பத்தோடு உள்ளே போய்விடலாம். அதே நினைப்பில் வெளிநாட்டில் தேடினால் வேறு மாதிரியான இடங்கள்தான் கிடைக்கும். மேப்பிலும் பயணத் தளங்களிலும் 'குடும்பத்துக்கு ஏற்றது' என்று குறிப்பிட்டிருப்பது பெரும்பாலும் சின்னக் குழந்தைகளை மனதில் வைத்துத்தான்: உயர நாற்காலி, கலர் பென்சில், சின்னத் தட்டில் நான்கு நக்கெட்ஸ். குழந்தைகளுக்கான மெனு பல இடங்களில் 12 வயதோடு முடிந்துவிடும். உங்கள் பையன் அந்த வயதைத் தாண்டிவிட்டான். பெரியவர்களின் தட்டு விலையைக் கொடுத்து, அதற்கு மேலும் ஒரு தட்டு கேட்கிற வயது அது. பெண்ணுக்கு வேண்டியது இன்னொன்று: தனக்கு வேண்டியதைத் தானே பார்த்து, தானே கேட்டு வாங்க வேண்டும். அப்பா சர்வரைக் கூப்பிட்டு அவளுக்காக விசாரிப்பதே அவளுக்குச் சங்கடம். உங்கள் அத்தைக்கோ அதிகம் நடக்காமல், நிம்மதியாக உட்கார இடம் வேண்டும், நம்பிச் சாப்பிட ஒரு உணவு வேண்டும்.

இந்த எல்லாவற்றையும் ஒரே சமையலறை கொடுக்காது. அதனால் பிள்ளைகள் பெரியவர்களான குடும்பங்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: ஒரே ஹோட்டலைத் தேடாதீர்கள், ஒரே மேசையைத் தேடுங்கள். சுற்றிலும் பல கடைகள் இருக்க வேண்டும், நடுவில் எல்லோருக்கும் பொதுவான மேசை இருக்க வேண்டும். ஆளுக்கு ஒரு கடையில் வாங்கிக்கொண்டு வந்து ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும். நீங்கள் முதலில் போகிற இரண்டு நாடுகளும் இதற்கென்றே அமைந்தவை.

சிங்கப்பூரில் இதை ஹாக்கர் சென்டர் என்பார்கள். அங்குள்ள தமிழர்கள் உணவங்காடி நிலையம் என்று எழுதுவார்கள். தெருவோரம் விற்றுக்கொண்டிருந்த வியாபாரிகளை அரசாங்கம் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்து உருவாக்கிய இடங்கள் இவை. 2020-இல் யுனெஸ்கோ இந்த உணவுக் கலாச்சாரத்தைத் தன் பட்டியலில் சேர்த்தது. நீங்கள் முதல் நாளே போக வேண்டியது லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்கா. கீழ்த்தளத்தில் சந்தையும் சாப்பாட்டுக் கடைகளும் பக்கத்தில் பக்கத்திலேயே இருக்கும். அத்தை தோசை சாப்பிடலாம், பையன் பிரியாணி சாப்பிடலாம், பெண் சீனக் கடையில் நூடுல்ஸ் வாங்கி வரலாம். தமிழில் கேட்டு வாங்கக்கூடிய கடைகள் இருப்பதால் அத்தைக்கு ஊரை விட்டு வந்த பயம் பாதி போய்விடும். ஆம்பூர் பிரியாணியின் சீரகச் சம்பா வாசனையையும் கத்திரிக்காய்த் தொக்கையும் அங்கே எதிர்பார்க்க வேண்டாம் என்று பையனிடம் மட்டும் முன்பே சொல்லி வையுங்கள். அது வேறு அரிசி, வேறு கைப்பக்குவம்.

இங்கே சில நடைமுறைகள் உண்டு. காலியான மேசையில் டிஷ்யூ பாக்கெட்டோ குடையோ இருந்தால் அது யாரோ பிடித்து வைத்த இடம், அங்கே உட்காரக்கூடாது. உங்கள் வீட்டில் அத்தையையே மேசையில் உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் வாங்கப் போகலாம். சாப்பிட்டு முடித்ததும் தட்டையும் டிரேயையும் நீங்களேதான் அதற்கான இடத்தில் கொண்டுபோய் வைக்க வேண்டும். 2021 செப்டம்பரிலிருந்து இது சட்டம்: முதல் தடவை எச்சரிக்கை, அடுத்த தடவை 300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதம். ஹலால் தட்டுகளுக்கும் மற்றவற்றுக்கும் தனித்தனி இடம் இருக்கும், பார்த்து வையுங்கள். சில கடைகளில் நம் கார்டு செல்லாது, கையில் கொஞ்சம் ரொக்கம் வேண்டும். ஏ.சி. இருக்காது. மே மாத வேலூர் வெயிலைப் பார்த்தவர்களுக்கு அது ஒரு பொருட்டில்லை என்றாலும் அங்கே புழுக்கம் அதிகம். பகலில் மால்களுக்குள் இருக்கும் ஃபுட் கோர்ட், ராத்திரியில் ஹாக்கர் சென்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சுற்றிப் பார்க்கும் இடங்களோடு இதைச் சேர்த்துத் திட்டமிடலாம். செந்தோசா போகும் நாளில் அதன் நுழைவாயிலான விவோசிட்டி மாலின் மூன்றாவது தளத்தில் பெரிய ஃபுட் கோர்ட் இருக்கிறது. உள்ளே போவதற்கு முன்போ வெளியே வந்த பிறகோ அங்கே சாப்பிடலாம். கார்டன்ஸ் பை த பே போனால் அங்கேயே சாத்தே பை த பே என்று ஒரு ஹாக்கர் சென்டர் உண்டு. ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கம் லாவ் பா சாட் இருக்கிறது. அதன் ஒரு பக்கத்துத் தெருவை இரவு 7 மணிக்கு மேல் வண்டிகளுக்கு மூடிவிட்டு, மேசை போட்டு, கரி அடுப்பில் சாத்தே என்கிற, குச்சியில் குத்திய இறைச்சியைச் சுடுவார்கள். பதின்வயதுப் பிள்ளைகளை ஒரே ஒரு இரவு எங்காவது கூட்டிப்போக வேண்டும் என்றால் நான் அங்கேதான் அனுப்புவேன். புகை, சத்தம், சுற்றிலும் உயரமான கட்டடங்கள் என்று பிள்ளைகள் போனைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். உங்கள் அத்தைக்கு அந்தப் புகை ஒத்துக்கொள்ளாது. அன்றைக்கு அவருக்கு முன்கூட்டியே சாப்பாடு முடித்துவிடுங்கள்.

அடுத்தது நேரம். பெரும்பாலான குடும்பங்கள் கவனிக்காத விஷயம் இது. சிங்கப்பூரும் மலேசியாவும் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கின்றன. ஆனால் முதல் இரண்டு நாள் நம் வயிறு காட்பாடி நேரப்படிதான் பசிக்கும். அங்கே காலை 8 மணிக்கு டிபன் என்றால் நம் கணக்கில் அதிகாலை ஐந்தரை. பிள்ளைகள் எழுந்திருக்கவே மாட்டார்கள், ஹோட்டல் அறையோடு சேர்த்துக் காசு கட்டிய காலை உணவு வீணாகும். வீட்டில் இரவு எட்டரைக்குச் சாப்பிடுகிற பையனுக்கு அங்கே 11 மணிக்குத்தான் நன்றாகப் பசிக்கும். அந்த நேரத்தில் மால் எல்லாம் மூடியிருக்கும். ஆகவே அந்த இரண்டு நாளும் இரவு வெகுநேரம் திறந்திருக்கும் கடை எது என்று முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் லிட்டில் இந்தியாவின் சிராங்கூன் ரோடு, முஸ்தபா சென்டர் பக்கம் இரவிலும் நடமாட்டம் இருக்கும், சாப்பாடும் கிடைக்கும். மலேசியாவில் கவலையே இல்லை. மாமாக் கடைகள் பல 24 மணி நேரமும் நடக்கின்றன. தமிழ் முஸ்லிம்கள் தொடங்கி வளர்த்த கடைகள் அவை. ரொட்டி சானாய் (பரோட்டா மாதிரி), தே தாரிக் (ஆற்றிய பால் டீ), நாசி கண்டார் (சோறும் குழம்பு வகைகளும்), மீ கோரேங் (வறுத்த நூடுல்ஸ்) எல்லாம் கிடைக்கும். பெரிய திரையில் கால்பந்து ஓடிக்கொண்டிருக்கும், நள்ளிரவிலும் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பார்கள். 2019 முதல் மலேசிய உணவகங்களில் புகைபிடிக்கத் தடை இருப்பதால் அந்தத் தொல்லையும் குறைவு.

கோலாலம்பூரில் அத்தைக்குப் பிரிக்ஃபீல்ட்ஸ் வாழையிலைச் சாப்பாடு பிடிக்கும். பத்துமலை அடிவாரத்தில் சைவக் கடைகள் இருக்கின்றன, படியேறிக் கும்பிட்டுவிட்டு அங்கேயே டிபனை முடிக்கலாம். இரட்டைக் கோபுரத்தின் அடியில் உள்ள சூரியா மாலில் பிள்ளைகளுக்கு வேண்டியதெல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும்.

இனி அத்தையின் விஷயம். 'சைவம்' என்று சொல்லிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். கிழக்காசியாவில் பல சமையல்காரர்களுக்கு அது 'கறித்துண்டு போடாமல் கொடு' என்று மட்டுமே அர்த்தமாகும். மலாய்க் கடையில் கீரை வதக்கல் கேட்டால் அதில் பெலச்சான் என்கிற இறால் விழுது இருக்கும். நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றோடு நெத்திலி வரும். சீனக் கடையின் காய்கறியில் சிப்பி சாஸ் இருக்கும். உங்கள் பெண் ஆசைப்படும் கொரியக் கடையில் கிம்ச்சியில் பெரும்பாலும் மீன் சாஸோ உப்பிட்ட இறாலோ சேர்ந்திருக்கும். ஜப்பான் கடையில் பார்க்கத் தெளிந்த ரசம் போலிருக்கும் மீசோ சூப்பின் அடிப்படையே மீன் சாறு. "ஆயா, இது வெறும் டோஃபுதான், ஒரு வாய் சாப்பிட்டுப் பாரு" என்று பேத்தி ஆசையாக நீட்டுவாள். அதற்கு முன்பே பெண்ணுக்கு இதையெல்லாம் சொல்லி வையுங்கள். கடையில் கேட்கும்போது பொருளின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும்: மீன் சாஸ், சிப்பி சாஸ், இறால் விழுது, எலும்புச் சாறு, முட்டை இவை எதுவும் வேண்டாம் என்று. இந்த வரியை மலாயிலும் சீனத்திலும் மொழிபெயர்த்து போனில் படமாக வைத்துக்கொண்டால் காட்டிவிட்டு வாங்கலாம்.

சீன சைவக் கடைகள் என்று தனியாக உண்டு. பௌத்த முறைப்படி சமைக்கிற இடங்களில் பூண்டு வெங்காயம் கூட இருக்காது. ஆனால் சோயாவிலும் கோதுமைப் புரதத்திலும் மீன், வாத்து, கோழி மாதிரியே செய்து அடுக்கி வைத்திருப்பார்கள். விவரம் தெரியாமல் பார்த்தால் அத்தை அந்த மேசையை விட்டே எழுந்துவிடுவார். முட்டை உண்டா என்று மட்டும் அங்கேயும் கேட்டுக்கொள்ளுங்கள். முழு நம்பிக்கை வேண்டுமானால் சிராங்கூன் ரோட்டில் 1947 முதல் நடக்கும் கோமள விலாஸ், 1924-இல் தொடங்கிய ஆனந்த பவன் போன்ற நம் சைவக் கடைகள் இருக்கின்றன. அத்தைக்கு நாளுக்கு ஒரு வேளையாவது அப்படி ஒரு இடத்தில் வயிறார அமைந்துவிட்டால், மற்ற வேளைகளில் பழம், தயிர், ரொட்டி என்று அவர் சமாளித்துக்கொள்வார். மற்றவர்களும் குற்ற உணர்ச்சி இல்லாமல் சாப்பிடலாம்.

மேல்விஷாரம், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கத்திலிருந்து போகிறவர்கள் ஹலால் பற்றிக் கேட்பார்கள். ஹலால் சான்று கொடுக்கும் அமைப்புகளான மலேசியாவின் ஜாக்கிம், சிங்கப்பூரின் முயிஸ் இவற்றின் முத்திரையைப் பார்த்தால் போதும். மாட்டுக்கறி தவிர்க்கும் குடும்பங்கள் மலாய்க் கடையில் 'டாகிங்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும், பெரும்பாலும் அது மாட்டுக்கறிதான். 'அயாம்' கோழி, 'இக்கான்' மீன், 'சாயூர்' காய்கறி, 'பாபி' பன்றி.

பெண்ணுக்கும் பையனுக்கும் வருகிறேன், எனக்கு இதில்தான் அக்கறை அதிகம். பதின்வயதுப் பிள்ளைகள் பயணத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதற்கு முக்கியமான காரணம், அவர்களிடம் யாரும் எதையும் கேட்காததுதான். எங்கே போகிறோம், எப்போது சாப்பிடுகிறோம், என்ன சாப்பிடுகிறோம் எல்லாவற்றையும் அப்பா முடிவு செய்துவிடுவார். ஒரு நாளைக்கு ஒரு வேளையைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடுங்கள், இன்று பெண், நாளை பையன் என்று. ஆனால் நான்கு நிபந்தனை போடுங்கள். ஐந்து பேருக்கும் சேர்த்து இவ்வளவு வெள்ளிக்குள் முடிய வேண்டும். ஆயா நடக்கிற தூரத்தில் இருக்க வேண்டும். ஆயா சாப்பிட அங்கேயோ பக்கத்துக் கடையிலோ ஒன்றாவது இருக்க வேண்டும். நாம் போகிற நேரத்தில் கடை திறந்திருக்க வேண்டும். இந்த நான்கையும் வைத்துக்கொண்டு உங்கள் பெண் தேடுகிற வேகத்துக்கு நானோ நீங்களோ ஈடுகொடுக்க முடியாது. அவள் தேர்ந்தெடுத்த இடத்தில் சாப்பாடு சுமாராக இருந்துவிட்டால் "நான் அப்பவே சொன்னேன்" என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள். அந்த ஒரு வார்த்தைக்கு அப்புறம் அவள் தேடவே மாட்டாள். போனை எடுத்துக்கொண்டு ஒதுங்கிவிடுவாள், மிச்சப் பயணம் முழுக்க "எதுவா இருந்தாலும் ஓகே" என்ற பதில்தான் வரும்.

பையன் பர்கர் கேட்டால் ஒரு வேளை வாங்கிக் கொடுங்கள். "இதுக்கா இவ்வளவு செலவு பண்ணி வந்தோம்?" என்று பெரியவர்களுக்குத் தோன்றும். அறிமுகமில்லாத ஊரில் தெரிந்த ருசி ஒன்று கிடைத்தால் அவனுக்குத் தைரியம் வரும், அடுத்த வேளை புதியதைத் தொட்டுப் பார்ப்பான். அக்காவும் தம்பியும் ஒரே மாலில் வேறு கடையில் உட்கார்ந்து சாப்பிட ஆசைப்பட்டால் சிங்கப்பூரில் தாராளமாக விடலாம். ஆளுக்கு ஒரு போனில் இணைப்பு, கையில் அளவான பணம், திரும்ப வந்து சேர வேண்டிய இடம், நேரம் இவ்வளவு இருந்தால் போதும்.

கூகுள் மேப்ஸில் தேடும்போது பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள். நட்சத்திரத்தை மட்டும் நம்ப வேண்டாம். சாப்பிட்டவர்கள் போட்ட புதிய படங்களைப் பார்த்தால் தட்டின் அளவு, மேசைகளின் நெருக்கம், கூட்டம் எல்லாம் தெரியும். விமர்சனங்களுக்குள்ளேயே ஒரு சொல்லைப் போட்டுத் தேடும் வசதி இருக்கிறது. அதில் சைவம், பிள்ளைகள், வரிசை, சர்வீஸ் சார்ஜ் என்பதற்கான ஆங்கிலச் சொற்களைப் போட்டுப் பார்க்கலாம். குறைவான நட்சத்திரம் கொடுத்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதைப் படிப்பது மிக முக்கியம். 'காரம் அதிகம்' என்று ஒரு வெள்ளைக்காரர் குறை சொல்லியிருந்தால் நமக்கு அது சிபாரிசு. 'தண்ணீருக்கும் கை துடைக்கும் ஈரத் துண்டுக்கும் காசு பிடித்தார்கள்' என்று பலர் எழுதியிருந்தால் ஒதுங்கிவிடுங்கள். சைவத்துக்கு ஹேப்பிகவ் என்ற செயலி நன்றாக இருக்கிறது. 1999-இல் இணையதளமாகத் தொடங்கியது, பல நாடுகளின் சைவக் கடைகள் அதில் உண்டு. புரியாத மொழியில் மெனு இருந்தால் கூகுள் லென்ஸைப் பிடித்தால் மொழிபெயர்த்துக் காட்டும், அதற்கு இணைய இணைப்பு வேண்டும்.

பில் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. சிங்கப்பூரில் உட்கார வைத்துப் பரிமாறும் உணவகங்களில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால், அதன் மேல் 10 சதவீத சர்வீஸ் சார்ஜும், அந்த மொத்தத்தின் மேல் 9 சதவீத ஜி.எஸ்.டி.யும் வரும். 100 வெள்ளிக்குச் சாப்பிட்டால் கொடுப்பது 119.90. ஐந்து பேர் சாப்பிட்டால் இந்த வித்தியாசத்திலேயே ஹாக்கர் சென்டரில் இன்னொரு வேளைச் சாப்பாட்டில் பெரும்பகுதி முடிந்துவிடும். டிப்ஸ் தனியாகக் கொடுக்கத் தேவையில்லை. குழாய்த் தண்ணீர் குடிக்கலாம், ஆளுக்கு ஒரு பாட்டில் கையில் இருக்கட்டும்.

சரி, ஐரோப்பா. அங்கே கணக்கு தலைகீழ். கோடைக்காலத்தில் பாரிஸும் ரோமும் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கின்றன. வீட்டில் எட்டரைக்குச் சாப்பிடுகிற பையனுக்கு அங்கே சாயங்காலம் 5 மணிக்கே பசி எடுக்கும். அந்த நேரத்தில்தான் பிரான்சிலும் இத்தாலியிலும் பெரும்பாலான உணவகங்களின் அடுப்பு அணைந்திருக்கும். மதியம் 2, இரண்டரையோடு சமையலறையை மூடினால் மறுபடி 7, ஏழரைக்குத்தான் திறப்பார்கள். ஸ்பெயினில் இரவுச் சாப்பாட்டுக்கு எட்டரை, 9 ஆகிவிடும். ஜூன் மாதத்தில் பாரிஸில் இரவு 10 மணி வரை வெளிச்சம் இருக்கும் என்பதால் நேரம் போவதும் தெரியாது. ஆகவே மதியச் சாப்பாட்டைப் பன்னிரண்டரைக்கே நிறைவாக முடியுங்கள். பிரான்சில் மதியத்துக்கென்று குறைந்த விலையில் 'ஃபார்முல்' என்றும், ஸ்பெயினில் 'மெனு டெல் தியா' என்றும் சாப்பாடு கிடைக்கும், இரவு அதே கடையில் விலை கூடிவிடும். 5 மணிப் பசிக்குப் பேக்கரி, இத்தாலியில் துண்டு போட்டு எடை பார்த்து விற்கும் பீட்சா, பாரிஸில் இடைவிடாமல் சமையல் நடக்கும் பிராஸரி என்கிற உணவகங்கள் இருக்கின்றன. பிள்ளைகளோடு போகும்போது இந்தச் சாயங்கால இடைவெளிக்கு ஒரு ஏற்பாடு இருந்தால் பாதி சண்டை குறையும்.

கடையில் ஒயின் விற்கிறார்களே, பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா என்று நம் ஊர்ப் பெற்றோர்கள் தயங்குவார்கள். ஐரோப்பாவில் சாதாரணக் கஃபேயிலும் பீட்சா கடையிலும் ஒயின் இருக்கும், அங்கே கைக்குழந்தையோடும் வந்து சாப்பிடுவார்கள். அதை நம் ஊர் பார் மாதிரி நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் சாப்பாடு போடும் பப்களில் பிள்ளைகளை அனுமதிப்பது கடைக்குக் கடை மாறும், வாசலில் கேட்டுவிட்டுப் போங்கள். பாரிஸில் வெளியே போட்டிருக்கும் நாற்காலிகளில் புகைபிடிக்கலாம் என்பதால் உள்ளே இடம் கேளுங்கள்.

இத்தாலியில் பில்லில் 'கோபெர்த்தோ' என்று ஆளுக்கு இரண்டு, மூன்று யூரோ சேர்ந்து வந்தால் அது ஏமாற்று இல்லை, உட்கார்ந்ததற்கான கட்டணம், மெனுவில் எழுதியிருக்கும். பிரான்சில் 'கராஃப் தோ' என்று கேட்டால் சாப்பாட்டோடு தண்ணீர் இலவசம், வெறுமனே தண்ணீர் என்றால் பாட்டில் வரலாம். ரோமில் தெருக்குழாய்த் தண்ணீரே குடிக்கலாம். எங்கே போனாலும், வாசலில் மெனு அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே இழுப்பவரைக் கடந்து, புகழ்பெற்ற கட்டடத்திலிருந்து இரண்டு தெரு தள்ளிப் போய்ச் சாப்பிடுங்கள்.

அத்தையும் வருவதாக இருந்தால், ஐரோப்பாவில் அவருக்குத் தெரிய வேண்டியவை: பார்மசான் சீஸில் பாலைத் திரிய வைப்பதற்காகக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னெட் சேர்க்கப்படுகிறது. பெல்ஜியத்தில் உருளைக்கிழங்கு வறுவலைப் பாரம்பரியமாக மாட்டுக் கொழுப்பில் பொரிப்பார்கள். பிள்ளைகள் வாங்கும் ஜெல்லி மிட்டாயில் ஜெலட்டின் இருக்கும். பாஸ்தாவில் முட்டை இருக்கலாம். ஆறுதலான பக்கமும் உண்டு. பாரிஸில் கார் டு நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் லா ஷப்பெல் பகுதியில் ஈழத்தமிழர் கடைகள் வரிசையாக இருக்கின்றன, தோசையும் கிடைக்கும். லண்டனில் ஈஸ்ட் ஹாம், டூட்டிங், யூஸ்டன் பக்கத்து டிரம்மண்ட் தெரு ஆகிய இடங்களில் நம் சாப்பாடு கிடைக்கும். சூரிச்சில் 1898 முதல் நடக்கும் ஹில்டில் என்ற சைவ உணவகத்தில் பஃபே உண்டு, பிள்ளைகளுக்கும் பிடிக்கும். விலை கடுமையான சுவிட்சர்லாந்தில் மீக்ரோ, கூப் சூப்பர் மார்க்கெட்டுகளின் தாமாக எடுத்துச் சாப்பிடும் உணவகங்களைத்தான் நான் எல்லோருக்கும் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை அங்கே பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், ரயில் நிலையத்துக் கடைகளை நம்பலாம்.

குரூப் டூரில் போவதாக இருந்தால் ஒன்று. 'தினமும் இந்தியச் சாப்பாடு' என்பதைப் பெரியவர்கள் பார்த்ததும் நிம்மதியாகக் கையெழுத்துப் போடுவார்கள். நான்காம் நாள் அதே பனீர் பட்டர் மசாலாவைப் பார்த்ததும் பிள்ளைகள் தட்டை நகர்த்திவிடுவார்கள். இரண்டு மூன்று இரவுச் சாப்பாட்டை எடுத்துவிட்டு அந்தத் தொகையைக் குறைத்துக் கொடுங்கள் என்று முன்பதிவின்போதே கேளுங்கள். பல நிறுவனங்கள் ஒப்புக்கொள்ளும், கேட்கிறவர்கள்தான் குறைவு.

ஊரிலிருந்து எடுத்துப் போகும் சாப்பாட்டில் இட்லிப் பொடி, பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் எல்லாம் பிரச்சினை தராது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கு இறைச்சியும் பால் பொருளும் எடுத்துப் போகக்கூடாது. நெய்யும் கோவாவில் செய்த ஆற்காடு மக்கன் பேடாவும் அதில் அடங்கிவிடும். பச்சைக் கறிவேப்பிலையும் வேண்டாம்.

கடைசியாக, சிங்கப்பூரில் அறை இன்னும் போடவில்லை என்றால் லிட்டில் இந்தியா அல்லது ஃபேரர் பார்க் மெட்ரோ நிலையத்துக்கு நடக்கிற தூரத்தில் போடுங்கள். அத்தைக்குக் காலை இட்லி கீழேயே கிடைக்கும், அறையோடு காலை உணவு சேர்க்கத் தேவையில்லை. பையனுக்கு ராத்திரி 11 மணிப் பசிக்கும் கடை இருக்கும். அதே ஊதா நிறப் பாதையில் ஏறினால் வண்டி மாறாமல் சைனாடவுனுக்கும், விவோசிட்டி இருக்கும் ஹார்பர்ஃபிரண்டுக்கும் போய்விடலாம். மெரினா பே பக்கம் பளபளவென்று இருக்கும் ஹோட்டலை உங்கள் வீட்டுக்காரர் பார்த்து வைத்திருக்கலாம். அங்கே தங்கினால் மூன்று வேளையும் அத்தைக்காக டாக்ஸி எடுக்க வேண்டியிருக்கும்.